குழந்தை டாக்டர்: போர்டைப் பார்க்கிறோம்... பதிவெண்ணைப் பார்க்கிறோமா?

மாற்றலாகிப் புது ஊருக்குக் குடிபோகும் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது, பால் எங்கே கிடைக்கும், தண்ணீர் எப்படி வரும், எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல் என்பதைத்தான். 'இங்கே நல்ல குழந்தை டாக்டர் யார்?' என்ற கேள்வி மட்டும், ராத்திரி 11 மணிக்குக் குழந்தையின் உடம்பு அனலாகக் கொதிக்கும்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த நேரத்தில் செல்போனில் தேடி, நட்சத்திரம் அதிகம் வாங்கிய கிளினிக் எதுவோ அங்கே ஓடுவதுதான் பலருக்கும் தெரிந்த வழி.

அந்த நட்சத்திரங்கள் பெரும்பாலும் சொல்வது என்ன? டாக்டர் சிரித்துப் பேசினாரா, டோக்கன் சீக்கிரம் வந்ததா, வண்டி நிறுத்த இடம் இருந்ததா என்பதைத்தான். அவர் என்ன படித்திருக்கிறார், அந்தப் படிப்பு பதிவு செய்யப்பட்டிருக்கிறதா, குழந்தையை அட்மிட் செய்யச் சொன்னால் நம் இன்ஷூரன்ஸ் அங்கே செல்லுமா என்பதை எந்த நட்சத்திரமும் சொல்லாது. இந்த மூன்றையும் வீட்டில் உட்கார்ந்தபடியே, செலவில்லாமல் தெரிந்துகொள்ள முடியும். எப்படி என்று பார்க்கலாம்.

எப்போது தேட வேண்டும்?

கர்ப்பிணிகள் ஏழாம், எட்டாம் மாதத்திலேயே தேட ஆரம்பிக்கலாம். வீடு மாறியவர்கள், பாத்திரங்களை எடுத்து அடுக்கிய கையோடு தேடலாம். ஏனென்றால், குழந்தை டாக்டரிடம் காய்ச்சலுக்காக மட்டும் போவதில்லை. பிறந்த உடன் போடும் தடுப்பூசிகளுக்குப் பிறகு 6, 10, 14-வது வாரங்கள், 9-வது மாதம், 16 முதல் 24 மாதங்களுக்குள் என்று அட்டவணை நீண்டுகொண்டே போகும். முதல் இரண்டு வருடங்களில் சொந்தக்காரர்களைவிட அதிக முறை பார்க்கப்போகும் முகம், குழந்தை டாக்டருடையது.

அதனால் தூரம் முக்கியம். ஊரிலேயே பெரிய டாக்டர் என்று 20 கிலோமீட்டர் தள்ளி ஒருவரைத் தேர்ந்தெடுத்தால், மூன்றாவது தடுப்பூசிக்குள் சலித்துவிடும். அரைமணி நேரத்தில் போகக்கூடிய ஒருவர் வழக்கமான டாக்டராக இருக்கட்டும். சிக்கல் என்றால் அவரே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்.

யாரிடம் விசாரிப்பது?

பிரசவம் நடந்த மருத்துவமனையில் குழந்தையைப் பிறந்தவுடன் பரிசோதித்த டாக்டரே முதல் சாய்ஸ். அவரிடம் குழந்தையின் எடை, மஞ்சள் காமாலை விவரங்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். புது ஊர் என்றால், இரண்டு குழந்தைகளை வளர்த்த பக்கத்து வீட்டு அம்மாவைக் கேளுங்கள். 'நல்ல டாக்டரா?' என்று கேட்டால், 'கைராசிக்காரர்' என்று பதில் வரும். 'ராத்திரியில போன் பண்ணினா எடுப்பாரா? சளிக்குப் போனா எத்தனை மருந்து எழுதுவார்?' என்று கேட்டால்தான் விஷயம் தெரியும். அங்கன்வாடிப் பணியாளர், கிராம சுகாதார செவிலியர் ஆகியோருக்கும் அந்தப் பகுதி டாக்டர்களைப் பற்றித் தெரிந்திருக்கும்.

அரசு மருத்துவமனைகளை இந்தப் பட்டியலிலிருந்து விட்டுவிடாதீர்கள். சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் குழந்தைகள் அனுப்பப்படுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குழந்தைகள் நலப் பிரிவும், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உள்ள ஊசிகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். தமிழ்நாட்டில் புதன்கிழமை என்றாலே தடுப்பூசி நாள்தான். வழக்கமான ஊசிகளை அங்கே போட்டுக்கொண்டு, சின்னம்மை, டைபாய்டு போன்ற கூடுதல் ஊசிகளை மட்டும் தனியாரிடம் போடும் குடும்பங்கள் உண்டு. அதில் எந்தத் தவறும் இல்லை. இரண்டையும் ஒரே அட்டையில் பதிந்துவைத்தால் போதும்.

பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகள்

போர்டில் பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி நீளும் எழுத்துகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் புரிந்துவிடும்.

* எம்.பி.பி.எஸ்.: அடிப்படை மருத்துவப் பட்டம். நாலரை ஆண்டு படிப்பு, ஓராண்டு பயிற்சி.
* எம்.டி. (பீடியாட்ரிக்ஸ்): எம்.பி.பி.எஸ்ஸுக்குப் பிறகு குழந்தைகள் நலத்தில் மூன்றாண்டு மேற்படிப்பு.
* டி.என்.பி. (பீடியாட்ரிக்ஸ்): தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் மேற்படிப்பு. எம்.டிக்கு இணையானது.
* டி.சி.ஹெச்.: குழந்தைகள் நலத்தில் இரண்டாண்டு டிப்ளோமா. ஊர்களில் பல வருடங்களாகப் பிராக்டீஸ் செய்யும் குழந்தை டாக்டர்கள் பலர் இதைப் படித்தவர்கள்தான்.
* டி.எம். (நியோநேட்டாலஜி): பச்சிளம் குழந்தைகளுக்கான உயர் சிறப்புப் படிப்பு. குறைமாதக் குழந்தை, எடை மிகக் குறைந்த குழந்தை என்றால் இவர்களின் உதவி தேவைப்படும்.
* எம்.சிஹெச். (பீடியாட்ரிக் சர்ஜரி): குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை நிபுணர். இவர் சளி, காய்ச்சலுக்கான டாக்டர் அல்ல.

இவற்றோடு சேர்ந்து வரும் வேறு சில எழுத்துகள், சங்க உறுப்பினர் என்பதையோ, குறுகிய காலச் சான்றிதழ் படிப்பையோ குறிப்பவையாக இருக்கலாம். உதாரணமாக, பி.ஜி.பி.என். என்பது குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றிய ஒரு சான்றிதழ் படிப்பு. எஃப்.ஐ.ஏ.பி. என்பது 1963-ல் தொடங்கப்பட்ட இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் அளிக்கும் கௌரவம். இவை இருந்தால் நல்லதுதான். ஆனால் இவை மட்டுமே இருந்து, மேலே சொன்ன பட்டங்களில் ஒன்றுகூட இல்லையென்றால், அவரைக் குழந்தைகள் நல நிபுணர் என்று சொல்ல முடியாது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ரஷ்யா, பிலிப்பைன்ஸ் போன்ற சில நாடுகளில் அடிப்படை மருத்துவப் பட்டத்துக்கே 'எம்.டி.' என்றுதான் பெயர். அங்கே படித்துவிட்டு வந்து, இங்கே தகுதித் தேர்வு எழுதிப் பதிவு செய்துகொண்டவர் முறையான டாக்டர்தான். ஆனால் அந்த எம்.டி. நம் ஊர் எம்.பி.பி.எஸ்ஸுக்குச் சமமானது. அதனால் எம்.டி. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பீடியாட்ரிக்ஸ்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

'அப்படியென்றால் எம்.பி.பி.எஸ். டாக்டர் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கக் கூடாதா?' என்றால், தாராளமாகப் பார்க்கலாம். பல கிராமங்களில் அவர்தான் எல்லாருக்கும் டாக்டர். சிறப்புத் தகுதி இல்லாமல் தன்னை அந்தத் துறையின் நிபுணர் என்று சொல்லிக்கொள்வதைத்தான் மருத்துவ நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி படித்தவர்களுக்குத் தனித்தனிப் பதிவு அமைப்புகள் உள்ளன. 'டாக்டர்' என்ற முன்னொட்டை மட்டும் பார்க்காமல், எந்த முறை வைத்தியம் என்பதைத் தெரிந்துகொண்டு போவது பெற்றோரின் வேலை.

பதிவெண்ணைச் சரிபார்க்க ஐந்து நிமிடம்

எம்.பி.பி.எஸ். முடித்தவுடன் யாரும் ஊசியைக் கையில் எடுத்துவிட முடியாது. தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் போன்ற மாநில அமைப்பு ஒன்றில் பதிவு செய்து, எண் வாங்க வேண்டும். அந்த எண்ணைக் கிளினிக்கில் எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மருந்துச் சீட்டிலும், சான்றிதழிலும், ரசீதிலும் குறிப்பிட வேண்டும் என்று 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கட்டணத்தையும் எழுதிவைக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

சரிபார்க்கும் முறை இதுதான்:

1. பக்கத்து வீட்டாரிடம் இருக்கும் அந்த டாக்டரின் பழைய மருந்துச் சீட்டு ஒன்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பெயருக்குக் கீழே 'ரெஜி. எண்' என்று இருக்கும். இல்லையென்றால் கிளினிக்குக்குப் போன் செய்து கேட்கலாம். கேட்பது அவமரியாதை அல்ல. சொல்வது அவர்கள் கடமை.
2. தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள்.
3. தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் 'இந்தியன் மெடிக்கல் ரெஜிஸ்டர்' என்ற பகுதி இருக்கிறது. பெயர், பதிவெண், மாநில கவுன்சில் ஆகியவற்றை வைத்து அங்கேயும் தேடலாம். வெளிமாநிலத்தில் பதிவு செய்தவர் என்றால் இது உதவும்.
4. எண் இருக்கிறது என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த எண்ணுக்கு வரும் பெயரும் போர்டில் இருக்கும் பெயரும் ஒன்றா? பதிவான ஆண்டும் அவர் வயதும் பொருந்துகிறதா? மேற்படிப்பு பதிவாகியிருக்கிறதா?

நான்காவது படிதான் முக்கியம். வேறொருவரின் எண்ணைப் போட்டுக்கொண்டு ஏமாற்றுபவர்களை அதில்தான் கண்டுபிடிக்க முடியும். ஆனால் ஒரு எச்சரிக்கை: தேசியப் பதிவேட்டில் புதிய தகவல்கள் ஏறத் தாமதமாகலாம். மேற்படிப்பு அதில் தெரியவில்லை என்பதற்காக ஒருவரைப் போலி என்று வாட்ஸ்அப் குரூப்பில் எழுதிவிடக் கூடாது. மாநில கவுன்சிலில் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் டாக்டரிடமே, 'எந்தக் காலேஜ்ல பீடியாட்ரிக்ஸ் படிச்சீங்க சார்?' என்று இயல்பாகக் கேளுங்கள். படித்தவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள்.

டாக்டருக்குப் பதிவு இருப்பதுபோல, கிளினிக்குக்கும் பதிவு இருக்க வேண்டும். 1997-ம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் தனியார் கிளினிக்குகளும் மருத்துவமனைகளும் பதிவு செய்ய வேண்டும். வரவேற்பறைச் சுவரில் அந்தச் சான்றிதழ் இருக்கிறதா என்று கண்ணை ஓட்டலாம்.

போலி என்று தெரிந்தால்?

பதிவு இல்லாமல் ஆங்கில மருத்துவம் பார்ப்பது, 2019-ம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி குற்றம். ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். புகாரை மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். பதிவு பெற்ற டாக்டரின் நடத்தை மீது புகார் என்றால் அதற்குரிய இடம் மாநில மருத்துவ கவுன்சில். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மனு மேசை மேசையாக அலையும்.

குழந்தைகள் விஷயத்தில் இது வெறும் சட்டப் பிரச்னை இல்லை. பெரியவர்களுக்கு ஒரு மாத்திரை என்றால் ஒரு மாத்திரைதான். குழந்தைக்கு எடையைக் கணக்கிட்டு மில்லிகிராமில் மருந்து தர வேண்டும். 4 கிலோ குழந்தைக்கும் 10 கிலோ குழந்தைக்கும் ஒரே 'ஒரு மூடி' சிரப் என்று சொல்பவரிடம், குழந்தையை நம்பி ஒப்படைக்க முடியாது.

முதல் விசிட்டில் கவனிக்க வேண்டியவை

சான்றிதழ் சரியாக இருக்கிறது என்பது நுழைவுச் சீட்டு மட்டும்தான். டாக்டர் எப்படி வைத்தியம் பார்க்கிறார் என்பதை நேரில்தான் பார்க்க வேண்டும். தடுப்பூசி போடவோ, எடை பார்க்கவோ போகும் ஒரு சாதாரண நாளே இதற்குச் சரியான நாள்.

*எடை பார்க்கிறாரா?* மருந்து எழுதுவதற்கு முன் குழந்தையின் எடையை எடுத்து, சீட்டில் எழுதுகிறாரா என்று பாருங்கள். வளர்ச்சி அட்டையில் எடை, உயரம், தலைச் சுற்றளவைக் குறிப்பவர் என்றால் இன்னும் நல்லது.

*எத்தனை மருந்து எழுதுகிறார்?* சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஒவ்வொரு சளிக்கும் ஆன்டிபயாட்டிக், கூடவே இருமல் சிரப் என்று எழுதினால் ஏன் என்று கேளுங்கள். 2025-ம் ஆண்டு மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாராவில், நச்சு வேதிப்பொருள் கலந்த இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை மறந்துவிட முடியாது. அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அதையடுத்து மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி சிரப்கள் கொடுக்கவே கூடாது என்றும், ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் அறிவுறுத்தியது. 'மருந்தே வேண்டாம், இரண்டு நாள் பார்ப்போம்' என்று சொல்லும் டாக்டர், கட்டணத்துக்கு வேலை செய்யாதவர் அல்ல. அந்தத் தீர்மானத்துக்குத்தான் அவர் படித்திருக்கிறார்.

*தடுப்பூசியைக் காட்டுகிறாரா?* பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் என்ன ஏற்பாடு என்று கேட்கலாம். ஊசி போடும் முன் மருந்தின் பெயரையும் காலாவதித் தேதியையும் காட்டச் சொல்லலாம். போட்ட பிறகு பேட்ச் எண்ணோடு அட்டையில் பதியச் சொல்லுங்கள்.

*அவர் இல்லாதபோது யார்?* பெரிய மருத்துவமனைகளின் போர்டில் இருக்கும் பிரபல டாக்டர், வாரத்தில் இரண்டு மாலை மட்டும் வருபவராக இருக்கலாம். 'ராத்திரியில் வந்தால் குழந்தையை யார் பார்ப்பார்கள்? குழந்தைகள் நலம் படித்தவரா, பொது டியூட்டி டாக்டரா?' என்று வரவேற்பறையில் கேட்டுவிடுங்கள்.

*பதில் சொல்கிறாரா?* பாட்டி சொன்ன வசம்பு பற்றிக் கேட்டாலும் எரிந்து விழாமல், ஏன் கூடாது என்று விளக்குபவர் வேண்டும். கேள்வி கேட்கப் பயந்தால், அடுத்த முறை முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவோம்.

இன்ஷூரன்ஸ்: எது கிடைக்கும், எது கிடைக்காது?

'இந்த டாக்டர் நம்ம இன்ஷூரன்ஸ் எடுத்துப்பாரா?' என்ற கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான ஹெல்த் பாலிசிகள் டாக்டர் ஃபீஸுக்கோ தடுப்பூசிக்கோ பணம் தருவதில்லை. அதற்கென்று தனியாக வெளிநோயாளி வசதி சேர்த்திருந்தால்தான் கிடைக்கும். பாலிசி பேசுவது, அட்மிஷன் ஆன பிறகுதான். ஆகவே டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'குழந்தையை அட்மிட் செய்ய வேண்டி வந்தால் எந்த மருத்துவமனையில் செய்வீர்கள்?' என்பதுதான். அந்த மருத்துவமனை உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும்.

*முதலில், குழந்தை பாலிசிக்குள் இருக்கிறதா?* சொந்தமாக எடுத்த குடும்ப பாலிசிகள் பலவற்றில் 91-வது நாளிலிருந்துதான் குழந்தையைச் சேர்க்க முடியும். மகப்பேறு வசதி உள்ள சில பாலிசிகள், பிறந்த நாளிலிருந்தே பாதுகாப்பு தரும். கம்பெனி தரும் குழு பாலிசியில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே இடமுண்டு. ஆனால் குழந்தை பிறந்த தகவலைக் குறித்த நாள்களுக்குள் ஹெச்.ஆருக்குத் தெரிவிக்க வேண்டும். பிரசவ பரபரப்பில் அப்பாக்கள் மறந்துவிடுவது இதைத்தான். மஞ்சள் காமாலை, மூச்சுத்திணறல் என்று பச்சிளம் குழந்தைகள் அட்மிட் ஆவது பெரும்பாலும் முதல் மாதத்தில்தான் என்பதால், இந்த ஒரு மெயில் லட்ச ரூபாய் பெறும்.

*24 மணி நேரம்.* வாந்தி, பேதிக்கு ஆறு மணி நேரம் டிரிப்ஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், பொதுவாக க்ளெய்ம் கிடையாது. பட்டியலிட்ட பகல்நேர சிகிச்சைகளைத் தவிர மற்றவற்றுக்கு 24 மணி நேர அட்மிஷன் தேவை.

*அது 'மருத்துவமனை'தானா?* உள்ளே நான்கு கட்டில் போட்டிருக்கும் கிளினிக் எல்லாம் பாலிசியின் பார்வையில் மருத்துவமனை ஆகிவிடாது. முறையான பதிவு இருக்க வேண்டும். அல்லது 10 லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை, 24 மணி நேர நர்ஸ், டாக்டர், அறுவை சிகிச்சை அரங்கு என்று நிபந்தனைகள் உண்டு. க்ளெய்ம் தராமல் விலக்கிவைத்த மருத்துவமனைகளின் பட்டியலையும் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. உங்கள் மருத்துவமனை அதில் இல்லை என்பதை நிறுவனத்தின் இணையதளத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

*'கேஷ்லெஸ் உண்டு' என்றால் போதாது.* மருத்துவமனையின் இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் நிறுவனத்தின் பெயரையும் பாலிசியின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். ஒப்பந்தங்கள் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் பக்கத்து வீட்டுக்குக் கிடைத்தது இந்த வருடம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, கேஷ்லெஸ் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நேரத்தின் இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும். அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால், அது இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் பொறுப்பு.

*ரூம் வாடகையில் வரும் வேட்டு.* உங்கள் பாலிசியில் ஒரு நாள் ரூம் வாடகை வரம்பு 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 'குழந்தைக்கு ஏ.சி. இருக்கட்டும்' என்று 6,000 ரூபாய் ரூம் எடுத்து மூன்று நாள் தங்கினால், ரூமுக்கு மட்டும் 18,000. டாக்டர் விசிட், நர்ஸிங் கட்டணம் 24,000. மொத்தம் 42,000. வரம்பைப்போல இரண்டு மடங்கு வாடகை உள்ள ரூம் என்பதால், விகிதாசாரக் கழிவு உள்ள பாலிசிகள் இதில் பாதியைத்தான் தரும். உங்கள் கையிலிருந்து 21,000. மருந்துக்கும் டெஸ்ட்டுகளுக்கும் இந்தக் கழிவு பொருந்தாது. டயப்பர், குழந்தை உணவு, கூடத் தங்கும் அம்மாவின் சாப்பாடு போன்றவை பொதுவாகவே க்ளெய்மில் வராதவை.

*நிராகரித்தால்?* முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துபூர்வமாகப் புகார் செய்யுங்கள். 30 நாள்களில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனை அணுகலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் உதவி எண் 155255.

தனியார் பாலிசி இல்லாதவர்களுக்கு

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டுக்குக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் மட்டும்தான். பிறவி இதயக் கோளாறுக்கான அறுவை சிகிச்சை, காது கேளாத குழந்தைகளுக்கான காக்ளியர் இம்ப்ளான்ட் போன்ற பெரிய செலவுகளில் இந்தத் திட்டம் பல குடும்பங்களைக் கடனிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. இதற்கு ரேஷன் கார்டு அடிப்படை என்பதால், பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் குழந்தையின் பெயரை அதில் சேர்த்துவிடுங்கள். சந்தேகங்களுக்கு: 1800 425 3993.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் உள்ள, இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படும் ஊழியர்களின் குழந்தைகளுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் சிகிச்சை உண்டு. குழந்தையின் பெயரை அதிலும் சேர்க்க வேண்டும். சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள்; பயன்படுத்திக்கொள்வதில் கூச்சம் எதற்கு?

அவசரத்தில் எதையும் பார்க்க வேண்டாம்

மேலே சொன்ன அத்தனையும் நிதானமான நாள்களுக்கு. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் பதிவெண், பாலிசி எதையும் தேடாமல் அருகில் இருக்கும் மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள்.

* மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல்
* பால் குடிக்க மறுப்பது, குடித்ததை எல்லாம் வாந்தி எடுப்பது
* வலிப்பு
* எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது
* விலா எலும்புகளுக்கு இடையே குழி விழும்படி மூச்சு வாங்குவது. நிமிடத்துக்கு இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் மூச்சு இருந்தால் அது வேகமான மூச்சு
* உதடு, நாக்கு நீலமாவது
* ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகாமல் இருப்பது

அட்மிட் ஆன 24 மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிடுவது பாதுகாப்பு. கேஷ்லெஸ் கிடைக்காவிட்டாலும், பில்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, டெஸ்ட் ரிப்போர்ட், மருந்துச் சீட்டுகளின் ஒரிஜினல்களைச் சேர்த்து வைத்தால் பிறகு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்க...

ஒரு தாளில் இவற்றை எழுதி, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டுங்கள்.

* வழக்கமான டாக்டரின் பெயர், போன் எண், கிளினிக் நேரம்
* அவர் இல்லாதபோது போக வேண்டிய மருத்துவமனை, இரவு எண்
* பாலிசி எண், இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் 24 மணி நேர எண், ரூம் வாடகை வரம்பு
* குழந்தையின் கடைசி எடை, பார்த்த தேதி
* ஒத்துக்கொள்ளாத மருந்துகள்
* 108 (ஆம்புலன்ஸ்), 104 (மருத்துவ ஆலோசனை)

அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் குழந்தையோடு தனியாக இருக்கும் தாத்தா, பாட்டிக்குத்தான் இந்தத் தாள் அதிகம் தேவைப்படும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதுங்கள்.